பதினாலு பஸ்சும் அஞ்சு வாக்கும்

டிப்போவில் டைம்கீப்பருக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அது. லீவு வேண்டுமா, ஆகட்டும். லீவு போனவனுக்குப் பதில் ஆள் வேண்டுமா, அதுவும் ஆகட்டும். முடியாது என்று சொல்வதற்கு மனுஷனுக்கு ஒரு தனி நரம்பு இருக்கிறது, தன்னைப் பெற்றபோது அதைப் போட மறந்துவிட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த வாய்தான் ஐம்பத்திரண்டு வயதில் அவரை மாட்டிவிட்டது.

சண்டை தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆற்றுக்கு மேல்பக்கம் இருபது கிலோமீட்டரில் இருக்கும் அணுமின் நிலையத்தின் வளாகத்தில் இரண்டு தரம் குண்டு விழுந்துவிட்டது. “உலையில் படவில்லை, கவலை வேண்டாம்” என்று ரேடியோ சொன்னது. ஊர் தன்னால் முடிந்த அளவுக்குக் கவலைப்படாமல் இருந்தது. அதாவது, ஆகட்டுமின் மச்சான் ஜன்னலுக்கு ஒட்ட நாற்பது சுருள் டேப் வாங்கி, ஒட்டினால் பெயின்ட் உரிந்துவிடுமே என்று ஒட்டாமல் அடுக்கி வைத்தார். எதிர்வீட்டு டெய்லர், வெங்காயம் கதிர்வீச்சை இழுத்துவிடும் என்று கேள்விப்பட்டு மிஷின் மேலே மூன்று வெங்காயம் வைத்துத் தைத்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு சைரன் சோதனை நடக்கும். ஊரே அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. நிஜமாகவே ஊதினால் என்ன செய்வது என்று கேட்டால், “பஸ் வரும்” என்பார்கள். பஸ் வரும் என்று அரசாங்கம் துண்டுப் பிரசுரமே போட்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆகட்டும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் தங்கச்சி வந்தாள். ஊர் எல்லையில் நாள்பட்ட நோயாளிகள் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். கையில் இஞ்சி டேப். வந்தவள் அண்ணனைப் பார்க்கவில்லை, நேரே நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உள்ளே அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

“என்னம்மா, பஸ்ஸுக்கு சட்டை தைக்கப் போறியா?”

“ஸ்ட்ரெச்சர் உள்ள திரும்பாதுண்ணா. முன் படிகிட்டயே மாட்டிக்கும். சீட்டை எடுத்தாதான் ஆகும். என் வார்டுல முப்பத்தெட்டுப் பேர், அதுல முப்பத்தோரு பேரால உக்காரவே முடியாது. எங்களுக்குன்னு ஒதுக்கின ஆறு பஸ் எதெதுன்னு சொல்லு, நட்டை இப்பவே லூஸ் பண்ணி வெச்சிடலாம்.”

“ஆகட்டும்” என்று பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தார்.

ஃபைலில் ஐந்து படிவங்கள் ஒரே கயிற்றில் கோர்க்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூடம், கல்லூரி விடுதி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், டப்பா மீன் ஃபேக்டரி. ‘அவசரகாலத்தில் அதிகபட்சம் எத்தனை பேருந்துகள் தர இயலும்?’ என்று ஐந்திலும் ஒரே கேள்வி. ஐந்திலும் அவர் கையெழுத்தில் ஒரே பதில்: பதினாலு.

டிப்போவில் இருந்ததே பதினாலு.

அவர் ஃபைலைப் பார்த்தார். தங்கச்சி அவரைப் பார்த்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

திருட்டுப் புத்தியில் எழுதியதல்ல அது. டைம்கீப்பர் தொழிலே ஒரே பஸ்ஸை நாலைந்து பேருக்குக் கொடுப்பதுதான். காலை ஆறு மணிக்கு மார்க்கெட் போகும் வண்டி ஏழரைக்குத் திரும்பிவந்து ஸ்கூல் ட்ரிப் அடிக்கும், ஒன்பதே காலுக்கு ஃபேக்டரி. இருபத்தாறு வருஷமாக அவர் மண்டையில் பஸ் என்றால் போய்விட்டுத் திரும்பி வரும் ஜந்து. இந்த ட்ரிப்பில் போகிற பஸ் திரும்பி வராது என்பது, படிவம் நிரப்பும்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

“அண்ணா, நிஜமா ஊதினா, என் வார்டுக்கு எத்தனை மணிக்கு வரும்?”

இத்தனை வருஷத்தில் எத்தனை மணிக்கு வரும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்று விட்டார்.

தங்கச்சி இஞ்சி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். “வந்தா வரட்டும். வரலன்னா நான் அவங்களை விட்டுட்டு வரமாட்டேன். அது உனக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பார்.

மறுநாள் முடி வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு அவசரகால அதிகாரியைப் பார்க்கப் போனார். அந்த அம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜை மேல் மூன்று போன். ஃபைலைப் புரட்டினார்.

“அஞ்சு இடத்துலயும் ஒத்திகை நடந்து, அஞ்சும் பாஸ் ஆயிருக்கே.”

“அஞ்சும் வேற வேற வாரத்துல நடந்தது மேடம். ஒவ்வொரு வாரமும் அதே பதினாலுல இருந்துதான் பஸ் போச்சு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“என் தங்கச்சிகிட்ட. நான் சொல்லல, மூஞ்சி சொல்லிடுச்சு.”

“அதோட நிக்கட்டும். சண்டை நேரம். ஜனங்களுக்குத் தெரிஞ்சா பீதி ஆயிடும், ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி ஓடுவாங்க. திட்டம்னு ஒண்ணு இருக்குன்னு அவங்க நம்பறதே பாதி பாதுகாப்பு. கூடுதல் பஸ்ஸுக்கு மேல எழுதறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

“ஆகட்டும் மேடம்” என்றது வாய்.

வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. நின்று, தன் வாயைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். காவலாளி தன்னைத்தான் சொல்கிறார் என்று முறைத்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தார். பாதி பாதுகாப்பாம். முப்பத்தெட்டில் பாதி பத்தொன்பது. எந்தப் பத்தொன்பது என்று தங்கச்சியிடம் கேட்டால் இஞ்சி டேப்பாலேயே அடிப்பாள்.

டிப்போவுக்கு வந்ததும் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். அடுத்த சுற்று ஒத்திகைக்குத் தேதி குறிப்பது அவர் வேலை. பஸ் எப்போது சும்மா இருக்கும் என்று அவருக்குத்தானே தெரியும். ஐந்து கடிதம் அடித்தார். ஐந்திலும் அடுத்த புதன்கிழமை, காலை பத்து மணி. மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படிப்பதில்லை என்ற குறையை ஆகட்டும் முதல் தடவையாக ரசித்தார்.

புதன் காலை டிப்போ வாசல் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். அந்தப் பலகைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. தினமும் எந்த ட்ரிப் ரத்து என்பதை அதில்தான் எழுதுவார்கள். நல்ல சேதி எதுவும் எழுதாததால் ஜனங்கள் அதை நம்பினார்கள். சாக்பீஸை எடுத்து எழுதினார்:

‘ஃபேக்டரிக்கு 11, பள்ளிக்கு 12, விடுதிக்கு 8, ஆஸ்பத்திரிக்கு 6, முதியோர் இல்லத்துக்கு 5. தேவை 42. இருப்பு 14. மீதி 28. தவறு என்னுடையது. டைம்கீப்பர்.’

பத்து அடித்தது. போனும் அடித்தது. முதலில் ஃபேக்டரி, பதினொரு சாவி போனது. இரண்டாவது பள்ளிக்கூடம், மூன்றுதான் மிச்சம். அந்த மூன்றைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போது விரல் ஒரு நிமிஷம் நின்றது. தங்கச்சியின் போன் இன்னும் வரவில்லை. யாரையாவது புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பாள். ஒதுக்கி வைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் யாருக்கும் தெரியாமல் பஸ்ஸை ஒதுக்கித்தானே இத்தனை வினையும் வந்தது? கொடுத்துவிட்டார்.

அப்புறம் விடுதி, முதியோர் இல்லம், கடைசியாக ஆஸ்பத்திரி. மூவருக்கும் ஒரே பதில்: “பஸ் இல்லீங்க.” ஆஸ்பத்திரி போனைத் தங்கச்சி படாரென்று வைத்தாள்.

பத்தரைக்குள் வாசலில் கூட்டம். பள்ளிக்கூடத்து அம்மாக்கள், விடுதி வார்டன், போகிற வருகிறவர்கள் எல்லாரும் பலகையைப் படித்தார்கள். கழித்தல் சரியா என்று விரல் விட்டும் பார்த்தார்கள். சரிதான். யாரும் யார் மேலும் ஏறி ஓடவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்தார். அவர் கண்ணாடியை எடுத்துவரப் போனவர்.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

“யார் இதை எழுதச் சொன்னது? அழிங்க.”

எல்லாரும் ஆகட்டுமைப் பார்த்தார்கள். அவருடைய வாய் பழக்க தோஷத்தில் ‘ஆ’ வரைக்கும் போய்விட்டது. இந்தப் பக்கம் ‘பிரேக்’ நின்றிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழிமேல் கூட ஏற்றாத மூத்த டிரைவர், ஓட்டிய வேகம் அப்படி. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வேர்த்து விறுவிறுத்து வந்த தங்கச்சி.

“ஆகாது மேடம்” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“ஆகாதுன்னேன். முதல் தடவை சொல்றேன், சரியா வரல போலிருக்கு. ஆகாது. வேற எதை வேணா அழிக்கறேன். இருபத்தெட்டு பஸ் வந்து நின்னா இதை அழிக்கறேன்.”

“ஜனங்க பயந்துடுவாங்கய்யா.”

“நாங்க எட்டு மாசமா பயந்துட்டுத்தான் இருக்கோம்” என்றார் பிரேக். “எவ்வளவு பயப்படணும்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கணக்கு சொல்லியிருக்காரு.”

கூட்டத்திலிருந்து பேக்கரி அம்மா முன்னால் வந்தார். ஆகட்டுமை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன்யா, பதினாலை அஞ்சு பேருக்குக் கொடுத்தியே, நீயெல்லாம் ஒரு டைம்கீப்பரா?”

“இல்லீங்க.”

“சரி, சாக்பீஸை எடு. என் கடையில ரெண்டு வேன். ரெண்டும் சேர்ந்தா ஒரு பஸ்ஸுன்னு வெச்சுக்க. இருபத்தேழுன்னு மாத்து.”

மாற்றினார். அதற்கப்புறம் பலகைக்குப் பக்கத்தில் போகவே இடம் கிடைக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் தன் பயிற்சி பஸ்ஸைத் தருவதாகச் சொன்னார். “அதுல ரெண்டு பிரேக் இருக்குமே” என்று பிரேக் ஆசையாகக் கேட்டார். மீன் லாரிக்காரர் கொடுத்தார். நாற்றத்தைப் பற்றி யோசித்துவிட்டு, கதிர்வீச்சுக்கு அது பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். மச்சான் தன் நாற்பது சுருள் டேப்பைத் தந்தார், லாரி இடுக்கெல்லாம் அடைக்க. வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிக்காரரைத் தங்கச்சியே மடக்கிப் பிடித்து உள்ளே இஞ்சி டேப்பை நீட்டினாள். தட்டையான தரை, அகலமான கதவு. ஐந்து லாரிகளை அங்கேயே எழுதிக்கொண்டாள்.

“இன்னும் ஒண்ணு வேணும்” என்றாள்.

பின்னால் தயங்கி நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். அமரர் ஊர்தி வைத்திருப்பவர். “தப்பா எடுத்துக்கக் கூடாது. படுத்தபடி போறவங்களுக்கு என் வண்டியை மாதிரி வசதி எதுலயும் இல்ல. இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல.”

தங்கச்சி அவரை இரண்டு நொடி பார்த்தாள். “பெயரைப் பெயின்ட் அடிச்சு மறைச்சிடுவீங்களா?”

“இன்னைக்கே.”

அதிகாரி ஜீப்பில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பீதி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர் பார்த்தபடியே இருந்தார், அது வரவில்லை. போகும்போது ஆகட்டுமிடம் தணிந்த குரலில் சொன்னார்: “எனக்கும் மேல ஒருத்தர் இருக்கார். நாளைக்கு உங்களுக்கு ஆர்டர் வரும்.”

“வரட்டும் மேடம். பலகை இங்கதான் இருக்கும்.”

ஆர்டர் வந்தது. ஆகட்டுமை பஸ் கழுவும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். கூடவே, பலகையை உடனே அழிக்கவேண்டும் என்று இரண்டாவது பத்தி. நாற்காலியில் புதிதாக உட்கார்ந்த டைம்கீப்பர் டஸ்டரோடு வாசலுக்குப் போனார். பலகையில் மீதி பதினொன்று என்று இருந்தது. எதிரே டீ கிளாஸோடு பிரேக்கும் பத்துப் பதினைந்து டிரைவர்களும் நின்றிருந்தார்கள். புது டைம்கீப்பர் டஸ்டரை உயர்த்தினார். பிறகு பதினொன்றை மட்டும் துடைத்துவிட்டுப் பத்து என்று எழுதினார். அவருடைய தம்பியிடம் ஒரு மினிபஸ் இருந்ததாம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு சைரன் ஊதியபோது ஆகட்டும் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் பஸ்ஸுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி சுவரோரமாக வந்து நின்றாள்.

“வேலை எப்படி இருக்கு?”

“பஸ் அஞ்சு பேருக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லிக் கேக்கறதில்ல. நிம்மதியா இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “அண்ணா, என் வார்டுக்கு எத்தனை மணிக்கு வரும்?”

கையைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் தெரிந்திருந்தாலும் பார்த்துச் சொல்வதுதான் முறை. “சைரன் ஊதி இருபத்தஞ்சாவது நிமிஷம். அஞ்சு லாரி, ஒரு கறுப்பு வண்டி. நேத்து நானே கூட ஏறிப் போய்ப் பார்த்தேன். இருபத்துமூணுல வந்துச்சு. பிரேக் ஓட்டினா மெதுவாத்தான் வரும்னு ரெண்டு நிமிஷம் சேர்த்திருக்கேன்.”

“அந்த வண்டிங்களை வேற யாருக்கும் சொல்லலியே?”

“இல்ல. நேத்து முதியோர் இல்லத்துக்காரர் வந்து கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

ஆகட்டும் குழாயைத் திறந்தார். “ஆகாதுன்னேன். இப்ப நல்லாவே வருது.”