கார்புரேட்டர் கழுத்துக்கு நல்லெண்ணெய்

பாகூரில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர் நாகராஜன் ஒருவர்தான். சீமைக்குத் திரும்பிப் போன பிரெஞ்சுத் துரை ஒருவர் கழித்துக்கட்டிய பழைய வண்டி அது. துரையிடம் இருந்தவரை புதுச்சேரிக் கடற்கரையில் காற்று வாங்கி சுகமாக வாழ்ந்தது. நாகராஜன் கைக்கு வந்தபின் ஏரிக்கரை, கரும்புக் கொல்லை, ஆற்று மணல் என்று மாட்டு வண்டியே தயங்கும் இடங்களுக்கெல்லாம் போயிற்று. போகும்போது தானாக ஓடும், வரும்போது பெரும்பாலும் மாடுகள் இழுத்து வரும்.

கோளாறெல்லாம் ஒரு சாண்கூட இல்லாத ரப்பர் குழாயில். கார்புரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கும் அந்தக் குழாயை டிரைவர் யாகப்பன் 'கழுத்து' என்பான். கழுத்து வெடித்தால் வெடிப்பு வழியே காற்று புகுந்து, எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். புதுச்சேரியிலிருந்து புதிது வாங்கிப் போட்டாலும் கொஞ்ச நாளில் அதுவும் வெடிக்கும்.

ஏன் வெடிக்கிறது என்பதில் நாகராஜனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஒருநாள் வெயில்தான் காரணம் என்பார். மறுநாள் ஏரிக்கரைப் புழுதி. அப்புறம் கடைக்காரன் மட்ட ரப்பரைத் தலையில் கட்டிவிட்டான். எல்லாம் சொல்லி முடித்தபின் மிச்சமிருப்பவன் யாகப்பன். "வரப்பு மேல ஏத்தி ஏத்தி நீதான்டா ஒடைக்கிற" என்று வாரம் தவறாமல் வசை விழும். வில்லியனூர் மாதா கோயிலில் முழங்கால் போட்டுப் பழகியவன் யாகப்பன், பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். ஊரில் பழி விழாத ஆள் நாகராஜன் மட்டும்தான்.

எப்படி விழும்? அவரைப்போல அந்த ரப்பரைப் பேணியவர்கள் உலகத்தில் உண்டா? சனிக்கிழமை தோறும் தமக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்ட கையோடு பானட்டைத் தூக்கி, கழுத்துக்கும் நல்லெண்ணெய் தடவிவிடுவார். மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் சாலின் தோல் காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் போட்டால் மெத்தென்று இருக்கும். இது அவர் அப்பா காலத்துப் பாடம். தோலுக்கு ஆவது ரப்பருக்கு ஆகாதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே அவருக்கு இல்லை.

இந்த நிலையில்தான் மகள் அமுதத்துக்கு வளைகாப்பு வந்தது. மண்ணாடிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், முதல் பிரசவம். தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறவேண்டும் என்று நாகராஜன் மனைவி ஆதிலட்சுமி பழைய புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து, சுக்கு இடித்து, கயிற்றுக்கட்டிலையும் மாற்றிப் பின்ன வைத்து மகளுக்காகக் காத்திருந்தாள். அவ்வளவு தூரம் மாட்டு வண்டியில் குலுங்கக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். கார் இருக்கிறதே என்று நாகராஜன் மார் தட்டினார். சம்பந்தி பச்சையப்பன் சிரிக்கவில்லை. தீபாவளிக்குத் தாய் வீடு போன தம் மருமகள் உச்சி வெயிலில் நடுவழியில் அந்தக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அவர் மறக்கவில்லை.

"நெறமாசக்காரிய வச்சிக்கினு வழியில நின்னா இன்னா பண்ணுவீங்க சம்பந்தி? வண்டி ஒழுங்கா வந்து சேரட்டும், அனுப்பறேன். இல்லாங்காட்டி பிரசவம் இங்கதான்."

நாகராஜன் புதுக் கழுத்து வாங்கி மாட்டினார். இந்த முறை சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. காரியம் பெரிது, அதனால் அன்றாடம் எண்ணெய்.

வளைகாப்பன்று வண்டி பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடிகளைத் தாண்டி நன்றாகத்தான் ஓடியது. மண்ணாடிப்பட்டு எல்லையில் இருமியது. தெருமுனையில் நின்றது. வரிசைத் தட்டுகளோடு வந்த ஆதிலட்சுமி இறங்கி நடந்தாள். ஊர்க்காரர்கள் உற்சாகமாகத் தள்ளி, சம்பந்தி வாசலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்கள். அவ்வளவு மரியாதை மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட நடந்ததில்லை.

வளையல் அடுக்கும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருக்க, வெளியே யாகப்பன் கழுத்தைக் கழற்றினான். சீட்டுக்கடியில் காகிதம் சுற்றி இன்னொன்று வைத்திருந்தான். பழையதை நாகராஜன் கையில் வாங்கினார், யாகப்பனைத் திட்டத் தோதாக.

திட்டு வாய்வரை வந்து நின்றுவிட்டது. குழாயின் மேல் பக்கம் ஊறி உப்பி, பிசுபிசுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. அடிப்பக்கம் கடையில் வாங்கியபடியே கெட்டியாக இருந்தது. புழுதி அடிப்பது அடிப்பக்கம். வெயிலும் அதிர்வும் இரண்டு பக்கமும்தான். மேல் பக்கத்துக்கு மட்டும் நடந்தது என்ன? அவருடைய தடித்த விரல்கள் அந்த இடுக்கில் மேல் பக்கம் மட்டும்தான் நுழையும். எண்ணெய் எட்டிய இடமெல்லாம் நாசம், எட்டாத இடம் பத்திரம். குழாயில் பதிந்திருந்தது அவர் கை.

யாகப்பனும் பார்த்தான். பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

பச்சையப்பன் மேல்துண்டை உதறிக்கொண்டு வந்தார். பின்னாலேயே உறவுக்காரர்கள், கைநிறைய வளையலோடு அமுதம்.

"இன்னா சம்பந்தி, எதனால போச்சு?"

நாகராஜன் வாயில் பழைய பதில்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. ரோடு என்று சொன்னால், திரும்பிப் போவதும் அதே ரோடுதான். வெயில் என்றால் வெயில் தலைக்குமேல் நிற்கிறது. ரப்பர் மட்டம் என்றால் யாகப்பன் மாட்டுவதும் அதே கடை ரப்பர். யாகப்பன் என்றால் ஓட்டப்போவது யார்? எந்தப் பழியைச் சொன்னாலும் மகள் இங்கேயே தங்கிவிடுவாள். திரும்பும் வழியில் வண்டியோடு கூட வராத காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்வதற்குப் பதில் மண்ணாடிப்பட்டு ஏரியில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

அமுதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாலதான்" என்றார் நாகராஜன். குழாயை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். "நான்தான் சம்பந்தி கெடுத்தேன். சால் தோலாட்டம் நெனச்சிக்கினு எண்ணெ தடவினேன். அது ரப்பர அரிச்சுட்ச்சி. இத்தினி நாளும் அதான். இதோ, புதுசுல என் கை படல. படவும் படாது."

பச்சையப்பன் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லெண்ணெயா?"

"செக்கெண்ணெ" என்றார் நாகராஜன் பரிதாபமாக.

சிரிப்பு வாசலில் கிளம்பி அடுப்படிவரை போயிற்று. பச்சையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாகப்பனைப் புதுக் கழுத்தோடு தெருவை மூன்று சுற்று சுற்றச் சொன்னார். வண்டி இருமாமல் சுற்றியது. "கூட்டிக்கினு போங்க" என்றார்.

வெட்கத்தில் நாகராஜனுக்குக் காது சுட்டது. மகள் வருகிறாள் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆதிலட்சுமி யாகப்பனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்ள, அப்பாவும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் அமுதம் அவர் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனுக்கோசரம் பழிய உன் தலையில போட்டுக்கினியே அப்பா. அத்தினி பேர் முன்னால. என்னிக்காவது நீ தப்பு பண்ணியிருக்கியா?"

நாகராஜன் மூச்சை உள்ளே இழுத்தார். போன மரியாதை, மாலை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. சும்மா இருந்தால் போதும், தியாகி ஆகிவிடலாம். கண்ணாடியில் யாகப்பனின் கண்கள் தெரிந்தன. வாரா வாரம் இவன் கேட்டுக்கொண்ட வசவெல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

"இல்லம்மா. நெஜமாவே நான்தான் கெடுத்தேன். யாகப்பன் மேல ஒண்ணும் இல்ல."

"போப்பா" என்று அமுதம் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் நம்பவில்லை. எத்தனை வருடம் எதிலும் தப்பாதவராக வீட்டில் நடமாடியிருந்தால் பெற்ற பெண் இப்படி நம்ப மறுப்பாள் என்று நினைத்தபோது நாகராஜனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் முன் சீட்டைப் பார்த்தார்.

"நீயாவது சொல்லேன்டி."

ஆதிலட்சுமி திரும்பக்கூட இல்லை.

"நெஜந்தான்டி. அந்த எண்ணெக் கிண்ணத்தக் கழுவனதே நான்தான்."