மாமனார் கேட்ட மூன்று கேள்வி

கீழே எழுதியிருப்பதில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது. நடந்த இடத்தில், நடந்த நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து கடைசிவரை கூடவே இருந்தவர் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள்மேல் வருத்தமில்லை.

மருமகன் நாற்பத்தோராவது தடவை தும்மியபோது மாமனாரின் சவப்பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்த மலர்வளையம் உருண்டு வாசல்வரை போய் நின்றது.

மருமகன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எந்த வெயிலும் மழையும் அவரை அசைக்காது. பூ மட்டும் ஆகாது. அன்றைக்கென்று பார்த்து வந்தவர்கள் அத்தனை பேரும் பூவோடு வந்தார்கள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள், “பெத்த பிள்ளைகூட மாமனாருக்கு இப்படி அழ மாட்டான்” என்று மெச்சிவிட்டுப் போனார்கள். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தால் தும்மல்தான் வந்தது.

மாமனார் மருந்துக்கடைக்காரர். அந்தத் தெருவில் அலர்ஜிக்கோ சளிக்கோ தூக்கம் வரவழைக்கும் மாத்திரை வேண்டுமென்றால் அவருடைய மூன்று கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி ஓட்டுவியா? தண்ணி போடுவியா? வேற என்ன மருந்து சாப்பிடறே? பதில் திருப்தியாக இருந்தால்தான் மாத்திரை. அப்போதும் உறைமேல் சிவப்புப் பேனாவால் ‘ஓட்டாதே’ என்று பெரிதாக எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு தையல்காரர், “என்கிட்ட வண்டியே இல்லையே சார்” என்றதற்கு, “மெஷின் இருக்குல்ல? சக்கரம் இருக்கு, மிதிக்கிற கட்டை இருக்கு, ஊசி வேற இருக்கு. பஸ்ஸுல ஊசிகூடக் கிடையாது” என்று சொல்லி, மெஷினுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே மாத்திரை கொடுத்தார். அந்த வாரம் தெருவில் பாதிப் பேருக்கு ஒரு கை இல்லாத சட்டை.

இப்படிப்பட்டவரை ஒரே ஒரு ஆள்தான் ஏமாற்றினார். அது மருமகன். கல்யாணமான புதிதில், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், “இன்னைக்கு எனக்கு லீவு மாமா” என்று சொல்லி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போனார். மேட்டுத் தெரு இறக்கத்தில் தூக்கம் வந்தது. பேருந்து தானாகவே இறங்கியது. இரண்டு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றி இறக்கியது. கடைசியில் மருந்துக்கடைப் படியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நடத்துநர், “என்னைக்கும் இல்லாம இன்னைக்குத்தான் பதமா ஓட்டினாரு” என்று சாட்சி சொன்னார்.

மாமனார் கடையை விட்டு வெளியே வந்தார். ஸ்டியரிங்மேல் குறட்டை விடும் மருமகனைப் பார்த்தார். அதன்பிறகு மருமகன் ஓட்டும் எந்த வண்டியிலும் ஏறவில்லை, அவ்வளவுதான். மூட்டு தேய்ந்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த காலத்திலும் ஏறவில்லை. கைத்தடியோடு அவர் நடப்பார். காரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு மருமகன் பக்கத்திலேயே வருவார். ஜன்னல் வழியாக இரண்டு பேரும் குடும்ப விஷயம் பேசிக்கொண்டே போய்ச் சேர்வார்கள்.

படுக்கையில் விழுந்த பிறகு, அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலையில்தான் மாமனார் அவரைக் கிட்டே கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, என்னைக் கடைசியா நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா.”

“இனிமே எனக்கு என்ன ஆயிடப் போகுது? தைரியமா ஏறலாம்.”

அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். மருமகன் அமரர் வண்டி ஒன்றைத் தானே போய் எடுத்து வந்தார். வண்டியை வாடகைக்கு விடுகிறவர் ஓட்ட ஆளையும் அனுப்புகிறேன் என்று சொல்லியும் வேண்டாமென்றார். நாலு மணிநேரம் துடைத்தார். சக்கரத்து ஆணியைக்கூடத் துணியால் துடைத்தார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மாமா ஏறப் போகிற வண்டி.

அந்த வண்டியை எடுக்க இன்னும் அரைமணி இருக்கும்போதுதான் இந்தத் தும்மல்.

முதலில் மனைவி வந்தாள். “என்னங்க, கழுத்தெல்லாம் தடிச்சிருக்கு. வாயைத் திறங்க.” என்ன ஏது என்று கேட்பதற்குள் குட்டி மாத்திரை ஒன்று உள்ளே போய்விட்டது. “அரிப்புக்கு” என்றாள்.

அடுத்து மாமனாரின் தம்பி, சின்ன மாமா. “இருமல் மாதிரி கேக்குது மாப்பிள்ளை” என்று சளி மருந்தை டீயில் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். அளவு மூடி தொலைந்துபோனதால் கண்ணளவு. அவருடைய கண் அன்று காலையிலிருந்தே சரியில்லை. துக்கம் தாங்காமல் கொஞ்சம் போட்டிருந்தார்.

மூன்றாவதாகப் பக்கத்து வீட்டு வாத்தியார். “வயித்தைப் பிரட்டுதா? பிரயாண மாத்திரை. நான் எப்பவும் பையில வச்சிருப்பேன்.”

அரிப்புக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று. மூன்று வெவ்வேறு வியாதி, மூன்று வெவ்வேறு மருந்து. ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று மருமகன் நினைத்தார். தும்மலும் நின்றது. கூடவே கூடத்துச் சுவர் மெத்தென்று ஆகத் தொடங்கியது. கல்லறைத் தோட்டம் ஒரு மைல் தூரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. மாமியார் சாவியோடு வந்தார். கொடுக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மருமகன் முகத்தைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, வண்டி ஓட்டுவீங்களா?”

குரல் மாமியாருடையது; கேள்வி யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

“ஓட்டுவேன் அத்தை. மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“தண்ணி போட்டிருக்கீங்களா?”

“இல்ல அத்தை.”

“வேற என்ன மருந்து சாப்பிட்டீங்க?”

ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும், சாவி கைக்கு வந்துவிடும். மனைவி தரையைப் பார்த்தாள். சின்ன மாமா தொண்டையைக் கனைத்தார். மருமகன் வண்டியைப் பார்த்தார். திறந்திருந்த பின்கதவு வழியாகப் பெட்டியின் ஓரம் தெரிந்தது.

“மூணு சாப்பிட்டேன் அத்தை” என்றார்.

மூன்றையும் வாங்கி வைத்து மாமியார் படித்தார். மாத்திரை உறையிலும் சரி, பாட்டிலிலும் சரி, வாத்தியாரின் பிரயாண மாத்திரையிலும் சரி, சிவப்பு மையில் ‘ஓட்டாதே’. மூன்றும் இறந்தவர் கடைச் சரக்கு.

“மூணும் தூக்க மருந்துதான் மாப்பிள்ளை. வெவ்வேற ரூட்டு போர்டு மாட்டியிருக்கு. எல்லா வண்டியும் ஒரே டிப்போவுக்குத்தான் போகுது.”

அந்தம்மா பெட்டியைக்கூட மறந்து டாக்டருக்கு ஃபோன் போட்டார். டாக்டர் எவ்வளவு, எப்போது என்று கேட்டார். பேச்சு குழறுகிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். “தனியா விடாதீங்க. அடிக்கடி எழுப்பிப் பாருங்க. எழுப்பியும் எழுந்திருக்கலைன்னா, மூச்சுல வித்தியாசம் தெரிஞ்சா, ஒரு நிமிஷம் யோசிக்காம இங்க கொண்டு வந்துடுங்க. நாளைக்கும் அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.”

“நாளைக்குமா டாக்டர்?”

“நாளைக்கும் மந்தமாத்தான் இருக்கும். இதை உங்க வீட்டுக்காரர்தான் எனக்கே அடிக்கடி ஞாபகப்படுத்துவாரு.”

சரி, வேறு யார் ஓட்டுவது? மாமியார் அங்கேயே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். சின்ன மாமா இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிட்டார். வாத்தியார், “வண்டிக்குப் பின்னாடி நடக்கத்தானே போறோம்னு முன்ஜாக்கிரதையா நானும் ஒண்ணு போட்டுட்டேன்” என்றார். டிப்போவிலிருந்து பதினாலு ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். பூவாசம் ஒத்துக்கொள்ளாமல் பதினாலு பேருமே அரிப்பு மாத்திரை போட்டிருந்தார்கள். மாமனார் பொதுவாகவே நல்ல கூட்டம் சேர்த்திருந்தார். வண்டி ஓட்டத் தகுதியான ஒரு ஆள்கூட அதில் இல்லை.

மாமியார் யோசித்தார். “ஓட்டாதேன்னுதானே எழுதியிருக்காரு. தள்ளாதேன்னு எழுதலையே” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

“அத்தை, உங்களுக்கு ஸ்டியரிங்...”

“நாப்பத்தஞ்சு வருஷம் உங்க மாமாவைத் திருப்பியிருக்கேன். இது எந்த மூலைக்கு?”

மருமகனை மாமனாரின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மனைவி எதிரே உட்கார்ந்தாள். எஞ்சின் போடவில்லை. பதினாலு ஓட்டுநர்களும் வாத்தியாரும் சின்ன மாமாவும் தள்ளினார்கள். தெருவுக்குத் தெரு மனைவி அவரைக் கிள்ளினாள். கிள்ளும்போதெல்லாம் அவர், “இறங்கறவங்க இறங்குங்க” என்றார். மூச்சு ஒழுங்காக இருந்தது.

மேட்டுத் தெரு இறக்கம் வந்தது. தள்ளியவர்கள் கையிலிருந்து வண்டி நழுவியது. வாத்தியார் ஓட முயன்று, நடுத்தெருவில் உட்கார்ந்து, அங்கேயே தூங்கிவிட்டார்; நாலு பேர் அவருக்குக் காவல் நின்றார்கள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேருந்து நிறுத்தத்திலும் மாமியார் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். ஏன் நிறுத்தினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, “நின்னுட்டிருந்தாங்க, பாவம்” என்றார். இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு அம்மாள் ஏறி, பெட்டியைப் பார்த்து, அமைதியாக இறங்கிக்கொண்டார். மூடிக் கிடந்த மருந்துக்கடை வாசலில் வண்டி தானாகவே ஒரு நிமிஷம் நின்றது. அதற்கு மட்டும் யாரும் பிரேக்கைத் தொடவில்லை. பிறகு மெதுவாக உருண்டு, கல்லறைத் தோட்டத்து வாசலில், கோடு போட்ட மாதிரி நின்றது.

“வந்துட்டோம்” என்றார் மாமியார், திரும்பிப் பார்க்காமல்.

மருமகனின் தலை பெட்டிமேல் சாய்ந்திருந்தது. ஒரு கை பெட்டியின் பிடியைப் பிடித்திருந்தது. பெட்டியை இறக்க வேண்டும், விரலைப் பிரித்தால் வரவில்லை. மாமியார் உள்ளே வந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். பிறகு கைப்பையைத் திறந்து, மாமனாரின் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த மணிக்கட்டில் ‘ஓட்டாதே’ என்று எழுதினார். எழுதியதை ஊதிக் காயவைத்தார். மாமனார் அப்படித்தான் ஊதுவார்.

மறுநாள் மருமகன் கிணற்றடியில் முகம் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுத்தைக் கழுவினார், ஒரு கையைக் கழுவினார். இன்னொரு கையை மட்டும் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பேருந்தில் ஏறி, பயணியாக டிப்போவுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்தார்.

இது அத்தனையையும் நேரில் பார்த்துச் சொன்னவர் மருமகன்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்ததற்கும் மறுநாள் விடிந்ததற்கும் நடுவில் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.