கடைசிப் பக்கத்துச் சொல்

சமையலறைக் குழாயை ப்ளம்பர் கழற்றிக்கொண்டிருந்தார். கூடத்து மேஜையில் நான் ஒரே ஒரு சொல்லோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கான ஆங்கிலப் படக்கதை ஒன்றை ஸ்பானிஷில் மொழிபெயர்க்கிறேன். தத்தெடுக்கப்பட்ட சிறுமியின் கதை. கடைசிப் பக்கத்தில் அவள் புது வீட்டுக் கட்டிலில் தூங்குகிறாள். படத்துக்குக் கீழே 'வான்டட்' என்று ஒற்றைச் சொல். மாலைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

'புஸ்காதா' என்று போட்டிருந்தேன். என் கணவரின் மகள் தோளுக்குப் பின்னால் நின்று அர்த்தம் கேட்டாள். தேடப்பட்டவள் என்றேன்.

"போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டியிருக்குமே, அந்த மாதிரியா? பாவம், அந்தப் பிள்ளை என்னத்தைத் திருடுச்சு?"

அழித்தேன். 'நெசெசிதாதா' என்றால் இல்லாதப்பட்டவள் என்றாகிவிடும். 'தெசெஆதா', விரும்பப்பட்டவள், சரிதான். ஆனால் டாக்டர் அறையில் பேசுவது போல ஒரு விறைப்பு அதில்.

என் கணவரின் மகள் அத்தை வீட்டில் வளர்ந்தவள், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தாள். வாயாடி. என் தட்டிலிருந்து உரிமையோடு எடுத்துச் சாப்பிடுவாள். என்னைக் கூப்பிட மட்டும் அவளிடம் வார்த்தை இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். அம்மா என்ற சொல் வேறொருவருக்கு உரியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆன்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரி போலிருக்கும் என்று அவளுக்கே தோன்றியிருக்கும். இருந்தாலும் அந்தச் செருமல் கேட்கும்போதெல்லாம் உள்ளே எங்கோ சுருக்கென்றது.

வாஷர் மாற்றினால் மட்டும் ஒழுகல் நிற்காது, குழாயையே மாற்றணும் என்றார் ப்ளம்பர், சமையலறைக்கு வேடிக்கை பார்க்கப் போனவளிடம். "அம்மாகிட்ட கேட்டுட்டு வா பாப்பா."

"அவங்க அம்மா இல்ல."

என் விரல்கள் அப்படியே நின்றன. உள்ளே ஸ்பேனர் சத்தமும் நின்றது. பாவம், அவருக்கும் சங்கடம்.

"அப்ப சொந்தக்காரங்களா?"

"எனக்கு வேண்டியவங்க."

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடியவள் போல உட்கார்ந்திருந்தேன். ஸ்பானிஷிலும் நம் 'வேண்டிய' போல ஒரு வினைச்சொல் உண்டு. வேணும் என்பதற்கும் அதுதான், அன்பு வைப்பதற்கும் அதுதான். 'அன்புள்ள' என்று கடிதம் தொடங்குவதும் அதிலிருந்து பிறந்த சொல்லால்தான். 'கெரிதா' என்று அடித்தேன்.

செருமல் கேட்டது. குழாய் விஷயம் கேட்க வந்தவளின் கண் திரைக்குப் போனது.

"இது என்ன புதுசா?"

"வேண்டியவ. பொண்ணுன்னா தா, ஆம்பளைன்னா தோ."

"அப்ப அப்பா கெரிதோ." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். குழாயை மாற்றிவிடச் சொல் என்று அனுப்பினேன்.

கதையை முதலிலிருந்து ஒருமுறை படித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் தண்ணீர் பீறிட்டது. ப்ளம்பர் ஏதோ கத்தினார். அதற்கும் மேலே அவள் குரல்.

"கெரிதா, துண்டெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

அலமாரியில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளினேன். கூடத்துத் தரையில், ஜன்னல் வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டு, தண்ணீர் மெல்ல மேஜைக் காலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.