நான்கு வினைகளும் ஒரு நடுங்கும் கையும்

வேதியியல் டீச்சருக்கு மூச்சுப்பயிற்சியின் மேல் அபார நம்பிக்கை. ஆறு மாதத்துக்கு முன்பு அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது, யாராவது உற்றுப் பார்த்தால் போதும், கை வெடவெடவென்று நடுங்கும். வேறு வேலை என்றால் சமாளித்துவிடலாம். சோதனைக்குழாயில் அமிலத்தை ஊற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு என்றாகிவிட்டால் என்ன செய்வது? இதற்கு முந்தைய இரண்டு பள்ளிகளிலும் "குளிருது", "காலையில சாப்பிடலை" என்று சாக்குச் சொல்லிப் பார்த்தாள். தகுதிகாண் காலம் முடிந்ததும் இரண்டு இடத்திலும் நயமாக வழியனுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்த இரண்டாம் வாரமே நடுக்கம் அடங்கிவிட்டது. ஊற்றினால் சிந்தவில்லை, பிடித்தால் நழுவவில்லை. எல்லாம் தினமும் காலையில் செய்யும் பத்து நிமிட மூச்சுப்பயிற்சியின் மகிமை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கட்டியதோடு விட்டாளா? கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சிபாரிசு செய்தாள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் குடுவையக்காவுக்கு வாரம் ஒரு முறையாவது உபதேசம் நடக்கும். குடுவையக்கா பீக்கர்களைக் கழுவிக்கொண்டே, "அப்படிங்களா டீச்சர்? செஞ்சு பாக்கறேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இன்று கடைசிப் பரீட்சை. மாணவர்களுக்கு அல்ல, டீச்சருக்கு. பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்ப்பார். வினைகளின் வகைகள்தான் பாடம். நான்கையும் டீச்சரே செய்து காட்ட வேண்டும். திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாற்பத்தோரு வயதில் நான்காவது பள்ளியைத் தேட வேண்டும்.

ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது குடுவையக்கா இல்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று விடுப்பு. உயிரியல் ஆய்வகத்து உதவியாளர் வந்து சாமான்களை எடுத்து வைத்திருந்தார். வகுப்புக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஒத்திகை பார்க்கலாமென்று டீச்சர் காப்பர் சல்பேட்டை ஊற்றினாள். குழாய் ஆடியது, தாங்கி ஆடியது, பாதிக் கரைசல் மேசை மேல் நீலமாக ஓடியது.

டீச்சர் துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தாள். காலையில் பயிற்சியைக் கூட விடவில்லையே! அப்புறம்தான் கவனித்தாள். கையில் இருந்தது மெல்லிசான, வழவழப்பான குழாய். தாங்கியோ தொட்டாலே நகர்ந்தது.

"நான் எப்பவும் எடுக்கற சாமான் இது இல்லையே?"

"அதெல்லாம் கீழ் அலமாரியில இருக்கு. 'வேதியியல் டீச்சருக்கு மட்டும்'னு சீட்டு ஒட்டி வச்சிருக்காங்க. வேற யாரும் கை வச்சா திட்டு விழும்" என்றார் உதவியாளர்.

டீச்சர் குனிந்து திறந்தாள். தினமும் மேசை மேல் தயாராக இருக்கும் அதே சாமான்கள்; இந்தப் பள்ளியில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். சோதனைக்குழாய்களுக்கு ரப்பர் குழாயைக் கீறி உறை மாட்டியிருந்தது. தாங்கியைக் கனமான பலகையில் திருகி வைத்திருந்தது. ஊற்றவே தேவையில்லாதபடி ஒவ்வொரு கரைசலுக்கும் ஒரு சொட்டுக்குழல். இடுக்கியின் பிடியில் துணி சுற்றி இறுக்கியிருந்தது. ஸ்பிரிட் விளக்கு, மணல் நிரப்பிய டப்பாவுக்குள் பாதி புதைந்து அசையாமல் நின்றது.

ஆறு மாதமாக நடுக்கம் எங்கேயும் போகவில்லை. அது யார் கண்ணுக்கும் படாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒருத்திக்குத்தான் வாரம் தவறாமல் மூச்சு விடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் டீச்சர்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மணி அடித்தது. பெரிய டீச்சர் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் அது புஸ்ஸென்று பொங்கிச் சூடானது. "ரெண்டு பேர் சேர்ந்து ஒரே குடும்பமாயிட்டாங்க. சேர்க்கை வினை. புதுக் குடும்பம்னா கொஞ்சம் சூடு இருக்கத்தானே செய்யும்?" வகுப்பு சிரித்தது. பச்சைக் காப்பர் கார்பனேட்டைச் சூடாக்கினாள். கறுத்துப்போய், வாயுவையும் பிரித்து அனுப்பியது. "இது சிதைவு. ஒரே வீட்டுல இருந்தவங்க தனித்தனியா கிளம்பிட்டாங்க."

இரும்பாணியை நீலக் கரைசலில் இறக்கும்போது முதல் பெஞ்சு மாணவி கை தூக்கினாள். "டீச்சர், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உங்க குழாய்க்கு மட்டும் ஏன் ரப்பர் சட்டை?"

பாதுகாப்புக்காக என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், இதையெல்லாம் செய்தவள் இல்லாமலே போய்விடுவாள்.

"என் கை நடுங்கும்மா. யாராவது பார்த்தா இன்னும் அதிகமா நடுங்கும். கீழ போட்டுடக் கூடாதுன்னு குடுவையக்கா இதை எனக்காகச் செஞ்சு வச்சிருக்காங்க. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அவள் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எங்க அப்பாவுக்கும் நடுங்கும் டீச்சர்" என்றான் ஒருவன். "ஆணி செவந்துடுச்சு!" என்று இன்னொருத்தி கத்தினாள். எல்லோரும் ஆணியை மொய்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்திருந்த தாமிரத்தைக் கிளப்பிவிட்டு இரும்பு இடம் பிடித்த கதையைச் சொன்னாள் டீச்சர். கடைசியாகச் சோடியம் சல்பேட்டில் பேரியம் குளோரைடைச் சொட்டினாள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஆள் மாற்றிக்கொண்டதில், வெள்ளை வீழ்படிவு மெதுவாக அடியில் இறங்கியது. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை.

வகுப்பு கலைந்ததும் பெரிய டீச்சர் எழுந்து வந்தார். தாளில் கையெழுத்துப் போட்டு மேசை மேல் வைத்தார். நிரந்தரம்.

"நீங்க சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "குடுவையக்கா ஒரு சீட்டோட என் ரூமுக்கு வந்தாங்க. ரப்பர் குழாய், கனமான பலகை, சொட்டுக்குழல் ஒரு டஜன். எதுக்குன்னு கேட்டேன். 'அந்த டீச்சர் பாடம் நடத்தறதை வாசல்ல நின்னு கேட்டேன். பன்னெண்டு வருஷமா நான் கழுவற சாமானுக்குள்ள என்ன நடக்குதுன்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அவங்களை அனுப்பிடாதீங்க, கையை நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்க."

டீச்சர் வராந்தாவுக்குப் போய் நின்று போன் செய்தாள். மறுமுனையில் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"என்ன டீச்சர், எதைக் கொட்டினீங்க?"

"எதுவும் கொட்டலைக்கா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கீழ் அலமாரியைத் திறந்தேன். எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைக்கா."

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர். அடுத்த பாடம் எரிதல்தானே? அது மட்டும் நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுடாதீங்க."

"மாட்டேன்க்கா. நீங்க வந்தாதான் பாடம். இனிமே வாசல்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க."