காலியாக இருந்த கட்டம்

விடியுமுன்பே சூளைக்கூடம் வியர்க்கத் தொடங்கிவிடும். அம்சவல்லியும் ஆராயியும் சுடாத பீங்கான் பியூஸ் கட்டைகளைத் தட்டுத் தட்டாக டிராலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு பன்னிரண்டு கிலோ. குனிந்து தூக்கி, மார்போடு அணைத்து, தலைக்கு மேலே உள்ள அடுக்கில் அலுங்காமல் வைக்க வேண்டும். பீங்கான் மாவு புருவத்தில் படிந்து, வியர்வையில் கரைந்து, கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கண்ணாடி அறைக்குள் வேல்விழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விருத்தாசலத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆலடி ரோட்டில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கம்பெனியில் அவளுக்கு ஏசி இருந்தது, பேச ஆள் இல்லை. கூடத்தில் எல்லாரும் அவளைக் ‘கம்ப்யூட்டரம்மா’ என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

அந்த மரியாதைக்குள் இருந்த கோபத்திலும் நியாயம் இருந்தது. சூளைச் சூட்டைக் காட்டும் போர்டு வந்ததே அவளால்தான். சூளைக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும். நேரம், சூளை எண், உள் சூடு, வெளிச் சூடு. நாலு கட்டம், நடுவே இடைவெளி, அவ்வளவுதான். வேல்விழி எழுதிய புரோகிராம் அந்த வரியைப் படித்து, மூன்றாவதாக இருப்பதைப் போர்டில் காட்டும். அறுபது டிகிரிக்கு மேலே இருந்தால் சிவப்பு விளக்கு, கீழே இறங்கினால் பச்சை, கதவைத் திறக்கலாம். போர்டு மாட்டிய மறு வாரமே, சூளைக்கு இரண்டு ஆள் எதற்கு, ஒருவன் போதும் என்றார் முதலாளி ராஜ்மோகன். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அம்சவல்லியின் கணவரும் ஒருவர்.

அன்று ஐந்து இருபதுக்கு, இரண்டாம் சூளைக்கு ஒற்றை ஆளாக மிஞ்சியிருந்த கொளஞ்சிநாதன் போர்டை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய சூளைக்கு நேராக 28. பச்சை எரிந்தது. தாழை இழுத்தார்.

அடைபட்டிருந்த அனல் கதவிடுக்கில் பாய்ந்து அவர் மேல் விழுந்தது. அவர் கத்தவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, அவை யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்து, டிராலியில் இடித்து உட்கார்ந்தார். ஆராயி தண்ணீர்க் குடத்தோடு ஓடினாள். வேல்விழி கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். போர்டில் அப்போதும் பச்சைதான் எரிந்தது.

அன்றே ஃபைலைத் திறந்து பார்த்தாள். விஷயம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. நாலு முப்பது வரைக்கும் உள் சூடு 312. அதற்குப் பிறகு, கதவு திறந்த நேரம் வரை, பத்து வரிகளில் அந்தக் கட்டம் காலி. சூளைக்குள் சூட்டை அளக்கும் வயர் கழன்றிருக்கிறது. அவளுடைய புரோகிராமுக்குக் காலிக் கட்டம் என்றால் என்னவென்று தெரியாது, அவள் சொல்லித் தரவில்லை. இடைவெளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே தாண்டாகத் தாண்டி, அடுத்து நின்ற வெளிச் சூட்டை மூன்றாவது என்று எடுத்துக்கொண்டது. விடியற்காலைக் காற்றின் 28 டிகிரியைச் சூளையின் சூடு என்று காட்டிவிட்டது. அதைச் சொல்லி அழக்கூட அந்த ஊரில் அவளுக்கு ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் ராஜ்மோகன் கூப்பிட்டார்.

“நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு. அந்த ஃபைலைப் பாத்தேன். பத்து வரியில நம்பரே இல்லியே, ஏன்மா?”

“வயரு கழண்டிருக்குதுங்க. போன மாசமே மாத்தணும்னு சொன்னேனுங்க.”

“அது கெடக்கட்டும். டெக்ஸ்ட் ஃபைலுதான? தெறந்து டைப் பண்ணிடு. முந்நூத்திப் பத்து, முந்நூத்தி எட்டுன்னு எறக்கிகிட்டே வா.”

“அப்படிப் போட்டா செவப்பு எரிஞ்ச மாதிரி ஆயிடுங்க.”

“செவப்புதான் எரிஞ்சிருக்கும். தூக்கக் கலக்கத்துல தெறந்துட்டான்.”

“பச்சைதாங்க எரிஞ்சிது. நான் பாத்தேன்.”

ராஜ்மோகன் பேனாவை மூடி வைத்தார். “சரி, பச்சைன்னே வச்சிக்குவோம். பச்சை எரிய வச்ச புரோகிராம் யாரு எழுதுனது? நானா? உன்னைக் காப்பாத்தத்தான்மா சொல்றேன்.”

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொளஞ்சிநாதனின் கைகள் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன. இவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“படுங்கண்ணே.”

“கம்ப்யூட்டரம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி பச்சைதான எரிஞ்சிது? மொதலாளி ஆளு வந்து செவப்புன்னு சொல்லிட்டுப் போறான். ரெண்டு நாளா அதயே நெனச்சி நெனச்சி, எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது.”

ஆமென்றும் இல்லையென்றும் இல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். கை போனது போதாதென்று, கண்ணால் கண்டதையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஃபைலைத் திறந்தாள். முதல் காலிக் கட்டத்தில் 310 என்று அடித்தாள். எவ்வளவு சுலபமாகப் பொருந்தியது. பத்து வரி, ஐந்து நிமிட வேலை. வேலை நிலைக்கும், வாடகைக்கு வழி இருக்கும், தப்பும் தெரியாமல் போகும். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். அந்தப் பத்து வரிகளையும் அப்படியே தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு இறங்கினாள்.

டீ வேளை. அவள் கிட்டே வந்ததும் பேச்சு நின்றது.

“அண்ணன் மேல தப்பு இல்லக்கா. தப்பு என்னுது” என்று அம்சவல்லியைப் பார்த்துத் தொடங்கினாள். வயரையும் காலிக் கட்டத்தையும் சொன்னாள். முதலாளி அதில் எண்களை அடிக்கச் சொன்னதைச் சொன்னாள். தான் முதல் கட்டத்தில் 310 என்று அடித்து அழித்ததையும் மறைக்கவில்லை.

அம்சவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஒன் போர்டு வந்துதான் எங்க வூட்டுக்காரரு வேல போச்சி. ரெண்டு பேரா இருந்தப்ப ஒருத்தரு கதவத் தொட்டுப் பாப்பாங்க, ஒருத்தரு வேணாம்பாங்க. இப்ப அந்தக் கையும் போச்சி. நீ வந்து தப்புன்னு சொன்னா எல்லாம் சரியாப் பூடுமா?”

“ஆவாதுக்கா.”

“அப்ப என்னாத்துக்கு வந்த?”

“அண்ணன் பாத்தது நெசம். அத நான் மட்டும் சொன்னா என்னை அனுப்பிட்டு ஃபைல மாத்திடுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சா மாத்த முடியாது.”

ஆராயி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எதுடி காலி? காட்டு.” வேல்விழி விரலை வைத்துக் காட்டினாள். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. மாவு படிந்த விரல்கள் ஒவ்வொன்றும் அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தன.

“வயரு மாத்துற வரைக்கும், சூளைக்கு ரெண்டு ஆளு போடுற வரைக்கும் கதவத் தொடப் போறதில்ல” என்றாள் அம்சவல்லி. “இன்ஸ்பெக்டரு உள்ள ஒக்காந்திருக்காரு. எழுந்திரிங்க.”

முப்பது பேர் முதலாளியின் அறை வாசலில் போய் நின்றார்கள். ராஜ்மோகன் எழுந்து வந்தார். “என்னா இது? யாரு வேலைய உட்டுட்டு வரச் சொன்னது?”

வேல்விழி பின்வரிசையில் நின்றிருந்தாள். அம்சவல்லி திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பிடி வலித்தது. விடவில்லை.

“படிச்சிக் காட்டு.”

நாளைக்கு வேலை இருக்குமா தெரியாது. கொளஞ்சிநாதனின் கைகள் முன்போல வருமா தெரியாது. வேல்விழி தாளைப் பிரித்தாள்.

“நாலு முப்பத்தஞ்சி. ரெண்டாம் சூளை. உள் சூடு, காலி.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து திரும்பினார்.

“நாலு நாப்பது. ரெண்டாம் சூளை. உள் சூடு…”

“காலி” என்றாள் ஆராயி.

“நாலு நாப்பத்தஞ்சி. ரெண்டாம் சூளை. உள் சூடு…”

இந்த முறை முப்பது பேரும் சொன்னார்கள். இன்னும் ஏழு வரி இருந்தது.