இருநூற்றேழில் முதலாளி

நோய் பரவி ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, கடற்கரைச் சாலை ஓட்டலின் முதலாளி பதினோரு ஊழியர்களில் ஒன்பது பேரை ஒரே குறுஞ்செய்தியில் வீட்டுக்கு அனுப்பினார். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம். நிலைமை சரியானதும் கூப்பிடுகிறேன்" என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்திருந்தார். மிஞ்சியவர்கள் வரவேற்புப் பெண்ணும் சமையல்காரரும்தான்.

ஒரு மாதம் ஈ ஓட்டினார்கள். பிறகு, வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களைப் பதினான்கு நாள் தனிமையில் வைக்க சுகாதாரத் துறை அந்த ஓட்டலைக் கேட்டது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்தாலும் வெளியே போக முடியாத விருந்தாளிகள்! இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு வரம் கிடைத்ததில்லை. வந்த அதிகாரியின் தோளில் கை போட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, பல் தெரியப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அதிகாரிக்குத் தொற்று. படத்தைப் பார்த்தே சுகாதாரத் துறையினர் முதலாளியைத் தேடி வந்து, அவரும் பதினான்கு நாள் தனி அறையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

"இருபத்தாறு ரூம் வச்சிருக்கற மனுஷனுக்கு வீட்ல எதுக்குங்க தனி ரூம்?" என்று அவர் மனைவி பையைக் கட்டி வாசலில் வைத்தாள்.

காலியாக இருந்தது இருநூற்றேழு மட்டும். இணையப் பக்கத்தில் அது 'கடல் தெரியும் அறை'. சொந்த ஓட்டலில் அவர் ஒருநாளும் படுத்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. கன்னத்தைக் கம்பியில் அழுத்தினால் ஓரமாக நீலமாக ஏதோ தெரிந்தது. காற்றடித்ததும் அது படபடத்தது. தார்ப்பாய்.

குளிக்கப் போனவர் நடுங்கியபடி வந்து போனில் வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வெந்நீர் வரல."

"குழாயை ஒரு பத்து நிமிஷம் திறந்து வைங்க சார், வந்துடும்."

"அரை மணியா திறந்துதான் வச்சிருக்கேன்!"

"இதுவரைக்கும் யாருமே அப்படிச் சொன்னதில்ல சார்."

இரண்டு பதிலையும் அவளை மனப்பாடம் செய்யவைத்ததே முதலாளிதான்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். இருநூத்தேழு."

கட்டில் புரளும்போதெல்லாம் முனகியது. ஆறாம் நாள் அவரும் கூடவே முனகினார்.

"வேற ரூம் குடும்மா, புண்ணியமாப் போகும்."

"எல்லா ரூமும் இப்படித்தான் சார்." அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பதினைந்தாம் நாள் தாடியோடு இறங்கி வந்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் சொன்னார்: "பிளம்பரையும் தச்சரையும் உடனே வரச் சொல்லும்மா. மனுஷன் தங்கற இடமா இது?"

அவளுக்கு நம்பவே முடியவில்லை. பேனாவை எடுத்தாள். "எந்தெந்த ரூம் சார்?"

"இருநூத்தேழு."

"மத்த இருபத்தஞ்சு?"

"அதுலயெல்லாம் நானா படுத்தேன்?"

அவள் பேனாவை மூடினாள். அந்த வாரமே இணையப் பக்கத்தில் இருநூற்றேழுக்குப் புது வரி ஏறியது: 'முதலாளியே விரும்பித் தங்கிய அறை.'