பஹ்ரைனா, சிங்கப்பூரா?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் அண்ணன் என் காசைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். சத்தியநாதன் என்று பெயர்தான் பெரிசு. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வெளிநாட்டு பில்களைப் பார்க்கிறவன். நான் பஹ்ரைனில் ஆறு வருஷமாக நர்ஸ். அது 1987, லீவில் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்த காசை அவன் சொன்னபடி மூன்று மாதக் கடன் பத்திரங்களாகப் போட்டிருந்தேன். பஹ்ரைனில் பாதி, சிங்கப்பூரில் பாதி. அந்த ஊர் அரசாங்கம் நம்மிடம் மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கும், கெடு முடிந்தால் திருப்பித் தரும். விஷயம் அவ்வளவுதான். அதற்கு இவன் பண்ணுகிற அலட்டல் தாங்காது.

"சிங்கப்பூர்ல வட்டி கம்மி, பயமும் கம்மி. பஹ்ரைன்ல வட்டி ஜாஸ்தி, ஆனா எண்ணெய் விலை விழுந்தா ஆட்டம் காணும். ரெண்டுமே குட்டித் தீவு. பத்திரம் வெச்சிருக்கிற வெளியாளுங்க கெடு முடிஞ்சதும் மொத்தமா காச எடுத்துட்டா தீவு தாங்காது."

"தாங்கலன்னா?"

"அப்படி எடுக்க மாட்டாங்க. புதுப்பிச்சிக்கினே இருப்பாங்க. நீயும் ரெண்டையும் புதுப்பி. அப்படியே உன் காண்ட்ராக்டையும் இன்னும் ரெண்டு வருஷம் போடு. மாடி கட்டிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவையும் இதே 'இன்னும் ரெண்டு வருஷம்'தான். வேலூரிலேயே வேலை தேடிக்கொள்கிறேன், இனி போகமாட்டேன் என்று வந்த அன்றே சொல்லியிருந்தேன். காதில் வாங்கினால்தானே! எனக்கு வயது முப்பத்து நாலு.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மா வாய் தவறிச் சொன்னாள். "காட்பாடிக்காரங்கதான் ரெண்டு வருஷம்லாம் காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க."

"எந்தக் காட்பாடிக்காரங்க?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். வேலூர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் கிறிஸ்துராஜ் வீட்டார் ஈஸ்டருக்கு முன்பே என்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவன் இரண்டு வருஷக் கெடு சொல்லி அனுப்பியிருக்கிறான். கிறிஸ்துராஜை எனக்குப் பிடிக்கும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"என்னைக் கேட்டியா?"

"உன் நல்லதுக்குத்தான் மலரு..."

"என் நல்லத நானே பார்த்துக்கிறேன். ரெண்டு பத்திரத்தையும் வர்றதுக்கு முன்னாடியே காசாக்கிட்டேன். வேலூர் பேங்க்ல என் பேர்ல கிடக்குது. காண்ட்ராக்ட்லயும் கையெழுத்துப் போடல."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மாடிக்கு மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ் குடுத்துட்டேன்டி! சொல்லாம கொள்ளாம காச எடுக்கிறதுக்கு நீ இன்னா வெளியாளா?"

"நீயே சொல்லு. என் காசுல மூணு ரூம் கட்டினியே, அதுல என் ரூம் எது?"

ஒன்றில் அவனும் அண்ணியும். ஒன்றில் பிள்ளைகள். மூன்றாவது, அண்ணியின் தம்பி வந்தால் தங்குவதற்காகப் பூட்டிக் கிடந்தது. நான் வந்த நாளிலிருந்து என் பெட்டி ஹாலில் தையல் மிஷினுக்கு அடியில், என் பாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

அம்மா தட்டுகளோடு சமையல்கட்டுக்குப் போனாள். அண்ணி ஜெபகனிதான் பதில் சொன்னாள்.

"ஹால்ல ஃபேன் இருக்குதே மலரு."